கொடியை எடுத்தால்தான் தூக்குவோம்

சூசை செத்துப்போனான் என்று கேட்டதும் எனக்கு வந்தது துக்கம் இல்லை, ஏமாற்றம். அவன் செய்த அவமானத்தை நான் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னாலேயே போய்விட்டானே!

தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில், வேலைக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும், "இவன் தொரையோட ஆளு" என்று என்னைக் காட்டிச் சொன்னவன் அவன். அதோடு பாதித் தோட்டம் என் தொழிற்சங்கத்தை விட்டு அவன் சங்கத்துக்குப் போனது.

டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் கத்தோலிக்கர் யார் இறந்தாலும் பெட்டி தூக்குவது எங்கள் சகோதரர் சபைதான். சபைக்குள் கட்சியோ தொழிற்சங்கமோ வரக்கூடாது என்பது சட்டம். சபைத் தலைவர் நான்; சூசையும் அதில் ஓர் உறுப்பினன்.

சூசையின் பெட்டிமேல் அவன் சங்கக் கொடி கிடந்தது. விடுவேனா? அவன் குடியிருந்த லயத்து வாசலில் நின்று சத்தமாகச் சொன்னேன்: "கொடிய எடுத்தாத்தான் தூக்குவோம். சபைக்கு அரசியல் கெடையாது."

உள்ளுக்குள் தித்தித்தது.

அவன் மனைவி மரியா கொடியை எடுத்து மடித்தாள்.

"எடுத்துட்டேங்கண்ணே, தூக்குங்க. போன வருசம் ஒங்கப்பா பெட்டியிலயும் ஒங்க சங்கத்துக் கொடி கெடந்துச்சு. இவருதான் முன்னால தோள் கொடுத்தாரு. 'அந்தக் கொடியவா தூக்கப் போறீங்க'ன்னு கேட்டேன். 'போறது மனுசன், கொடியவா பாக்குறது'ன்னாரு."

அன்றைக்கும் தலைவர் நான்தான். அந்தக் கொடி என் கண்ணில் படவே இல்லை.

கல்லறைக்கு இறக்கப் பாதை. பாரமெல்லாம் முன்னால் பிடிப்பவன்மேல்தான் இறங்கும். அந்த இடத்தில் நான் நின்றேன். கடைசிவரை யாரையும் தோள் மாற்ற விடவில்லை.

சூசைமேல் கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் சபைக் கூட்டத்தில் அந்தச் சட்டத்தை வாசிக்கும்போது மட்டும் என் குரல் எழும்புவதில்லை.