மீன் தொட்டியும் உப்பளத்துக் கையும்

அந்தப் பையை நான்தான் தைத்தேன். மல் துணி, ஒரு சாண் நீளம், வாயில் ஒரு நாடா. இரண்டு கை கறுப்பு மண்ணை வெந்நீரில் ஒரு கொதி விட்டு ஆறவைத்து, அந்தப் பையில் கட்டி, மீன் தொட்டியில் தண்ணீர் சுற்றி வரும் பெட்டிக்குள் தொங்கவிட வேண்டும். பீட் என்று அந்த மண்ணுக்குப் பெயர். எங்கேயோ குளிர்நாட்டுச் சதுப்பில் பாசி செத்து மட்கி, மண்ணும் ஆகாமல் கரியும் ஆகாமல் காலகாலமாய்க் கிடந்ததாம். பை தொங்கிய மூன்றாம் நாள் தொட்டித் தண்ணீர் பால் விடாத டீ நிறத்துக்கு வந்துவிடும். புதிதாகப் பார்க்கிறவர்கள் அழுக்குத் தண்ணீர் என்று மூக்கைச் சுளிப்பார்கள். அந்த மீனுக்கு அதுதான் வேண்டும்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. மரக்காணத்து உப்பளப் பாத்திகளில் சேறு ஏறிக் கிடந்தது. வேலை இல்லாமல் நாங்கள் ஒன்பது பெண்கள் சாலையோரத்து வண்ணமீன் பண்ணைக்குப் போனோம். கூட்டிப் போனது நான். பிறர் எதிரில் வாய் திறக்கவே கூசுகிறவள் எப்படிப் போய்க் கேட்டேனோ, இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். பண்ணை வைத்திருந்த அம்மா நாற்பது வயதுக்காரி, பொம்மையார்பாளையத்திலிருந்து காரில் வருவார். நல்ல மாதிரிதான். எனக்கு டிஸ்கஸ் மீன் தொட்டிகளைக் கொடுத்தார். தோசைக்கல் மாதிரி வட்டமான மீன் அது. அதன் குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் ஊறும் வழவழப்பைத் தின்றுதான் முதல் சில வாரம் வளரும். தாயின் விலாவில் மொய்த்துக் கிடக்கும். தாய் களைத்துப்போனால் உடம்பை ஒரு உதறு உதறித் தகப்பன் பக்கம் தள்ளிவிடும். அந்த உதறலைப் பார்த்து நான் தனியாகச் சிரித்ததுண்டு.

எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரில் இந்த மீன் முட்டை பொரிக்காது. அதனால் மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்து, போர் தண்ணீர் கொஞ்சம் கலந்து, பீட் பையைத் தொங்கவிடுவோம். தண்ணீரைக் குப்பியில் எடுத்து மூன்று சொட்டு மருந்து விட்டால் முதலில் நீலம் காட்டும். பை தொங்கத் தொங்கப் பச்சையாகும், பிறகு மஞ்சள். மஞ்சள் வந்தால் தண்ணீரில் புளிப்பு ஏறிவிட்டது, மீனை விடலாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு நாள்கூட ஆகவில்லை. தண்ணீரோடுதானே பிழைத்தவள்.

கோடையில் ஒரு பீட் மூட்டை வந்து சேராமல் தாமதமானது. பண்ணையில் சூப்பர்வைசராக இருந்தவர் சென்னையில் மீன் வளர்ப்புக்கு ஏதோ கோர்ஸ் முடித்தவர். என் கடைசி மகன் வயதுதான் இருக்கும். அவர் கயிறு திரிக்கிற இடத்திலிருந்து இரண்டு சாக்கு தென்னைநார்த் தூள் கொண்டுவந்து இறக்கினார். அதுவும் பழுப்பு, இதுவும் பழுப்பு, அதுவும் மட்கினது, இதுவும் மட்கினது என்று அவருக்குக் கணக்கு. பையில் அதை நிரப்பச் சொன்னார். நிரப்பும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்தில் தேங்காய் மட்டையை ஊறப்போடுவது கழியில். கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற இடம் அது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பளத்தில் எந்தப் பாத்தித் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நாக்கில் வைத்துச் சொல்கிறவள் நான். டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழாய் உடைந்துபோன நாட்களில் மேஸ்திரியே என்னைக் கூப்பிட்டுத்தான் கேட்பார்.

"சார், இது கரிக்குதுங்க" என்றேன். எனக்கு அது பெரிய பேச்சு.

அவர் சிரித்தார். "ஆயா, உங்க நாக்கே ஒரு உப்பளம். உங்களுக்குச் சக்கரைகூட கரிக்கத்தான் செய்யும்." பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் பையைக் கட்டித் தொங்கவிட்டேன். அதற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை. இரண்டாம் முறை சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் அவர் சொட்டு மருந்து விட்டு, பச்சை மஞ்சளாகப் போகிறது பாருங்கள் என்று குப்பியை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். அந்த மருந்து புளிப்பைத்தான் காட்டும், உப்பைக் காட்டாது. உப்பைக் காட்ட நாக்கு வேண்டும்.

மூன்றாம் நாள் தாய்மீன் கறுத்துப்போய் மூலையில் சாய்ந்து நின்றது. குஞ்சுகள் அதன் உடம்பை விட்டு உதிர்ந்து, தொட்டியின் அடியில் எள் கொட்டினது மாதிரி கிடந்தன. நான்கு தொட்டியிலும் அப்படியே. அந்த அம்மா வந்ததும் சூப்பர்வைசர் சொன்ன காரணம் என்ன தெரியுமா? அந்த மாதம் இரண்டு பாத்தி மட்டும் சீராகி, நான் விடியலில் அங்கே உப்பு வாரிவிட்டு ஒன்பது மணிக்குப் பண்ணைக்கு வந்துகொண்டிருந்தேன். "உப்பு வாரின கையோட தொட்டியில கைய விட்டிருக்காங்க மேடம்" என்றார். நான் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவாமல் ஒரு நாளும் தொட்டியைத் தொட்டதில்லை. கழுவாமலே தொட்டிருந்தாலும், ஆள் உட்கார்ந்து குளிக்கிற அளவு தொட்டிகள் நான்கு. அதையெல்லாம் உப்பாக்க நான் கையில் மூட்டையை அல்லவா ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும்! கோர்ஸ் படித்தவருக்கு அது தோன்றவில்லை. கார் வைத்திருந்தவருக்கும் தோன்றவில்லை. எல்லாரையும் முற்றத்தில் நிற்கவைத்து, உப்பளத்துக்குப் போகிறவர்கள் இனிமேல் தொட்டிப் பக்கம் வரக்கூடாது என்று அந்த அம்மா சொன்னார். மற்ற எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் போய்த் துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் வாசல் கூட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு மத்தியானம் அந்த அம்மா என்னைப் பண்ணை வீட்டுச் சமையலறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

"அந்தத் தூள நானும் நாக்குல வெச்சுப் பாத்தேன். நீங்க சொன்னது சரிதான். மனசுல வெச்சுக்காதீங்க."

எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் கேட்டேன். "அத வெளிய வந்து சொல்லுங்கம்மா."

"சொன்னா அவரு வேலைய விட்டுட்டுப் போயிடுவாரு. கோர்ஸ் படிச்ச ஆளு இந்தப் பக்கம் வேற யாரு கெடைப்பாங்க? நீங்க பெரியவங்க, புரிஞ்சுக்குவீங்க."

புரிந்தது. அதனால்தான் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அப்போதே வெளியேறினேன். பழி சொல்ல முற்றம், சரி என்று சொல்லச் சமையலறை. இது எந்த ஊர் நியாயம்? நான் போனதோடு முடியவில்லை. உப்பளத்துக்குப் போகிற பெண்களைத் தொட்டி வேலைக்கு வைக்கக்கூடாது என்பது அந்தப் பண்ணையில் சட்டமாகவே நின்றுவிட்டது. மீதி எட்டுப் பேரில் ஐந்து பேர் அதனாலேயே வேலையை விட்டு நின்றார்கள். அவர்களில் ஒருத்தி தெருவில் என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு முற்றத்தில் சொன்னது மட்டும்தானே தெரியும்.

அந்த அம்மா கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் தூளை நாக்கில் வைத்தே பார்த்திருக்க மாட்டார். உண்மை தெரிந்த பிறகு அதைக் கதவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார் என்பதுதான் இத்தனை வருஷமாக எனக்கு ஆறவில்லை. இப்போது பண்ணை இருந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. பேசக் கூசுகிறவளுக்கு எழுதக் கூச்சம் இல்லை என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது. அவர் முற்றத்தில் சொல்லாததை நான் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தூள் கரித்தது. என் கை சுத்தமாக இருந்தது.