நான் எடுக்காமல் விட்ட டிக்

2012 வாக்கில் விழுப்புரம் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு டி.டி.பி. கடை வைத்திருந்தேன். ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு பிரிண்டர், ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஆன்லைன் விண்ணப்பங்களை நான் போடுவேன். மனு, பத்திரம் டைப் அடித்துத் தரக் கெடார் கிராமத்திலிருந்து ஒருவர் தினமும் பஸ்ஸில் வருவார். ஐம்பது தாண்டியவர், முன்பு கோர்ட் வாசலில் டைப்ரைட்டர் வைத்து அடித்தவர். நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். கம்ப்யூட்டரில் இருவரும் மாறி மாறி உட்காருவோம்.

ஒரு நாள் காலை திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள், மகளைக் கூட்டிக்கொண்டு அவளுக்கு நர்சிங் விண்ணப்பம் போட வந்தார். மார்க் ஷீட்டை ஸ்கேன் செய்துவிட்டு பிரௌசரைத் திறந்தேன். திரை முழுக்க அரைகுறை உடையில் ஒரு பெண்ணின் படம். மூடினேன். உடனே இன்னொன்று திறந்தது. அந்த அம்மாள் மகளின் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினார்.

இரண்டு வாரமாகவே தானாக விளம்பரங்கள் வந்துகொண்டிருந்தன. எல்லாம் விளையாட்டு, லாட்டரி என்று இருந்ததால் நான் பெரிதுபடுத்தவில்லை. இப்படி ஒன்று வந்தது அன்றுதான் முதல் முறை. எனக்கு முகம் எரிந்தது. அண்ணன் பக்கம் திரும்பி, சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"நான் சாப்பிடப் போற நேரத்துல இதுல இன்னா பார்த்துக்கினு இருக்கீங்க?"

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர் கையிலிருந்த மனுவை மேஜையில் வைத்தார்.

"நானாம்மா?"

நான் திரையில் திறந்ததை மூடப் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போட்டார், சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வரவில்லை.

அவர் போன பிறகும் விளம்பரங்கள் நிற்கவில்லை. மூன்றாம் நாள் கண்ட்ரோல் பேனலைத் திறந்து, உள்ளே என்னென்ன புரோகிராம் இருக்கிறது என்று தேதி வாரியாகப் பார்த்தேன். இரண்டு வாரத்துக்கு முந்தைய ஒரே தேதியில் ஐந்து பெயர்கள் இருந்தன. ஒன்று நான் போட்ட பி.டி.எஃப். கன்வர்ட்டர். மற்ற நான்கை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஒரு டூல்பார், ஒரு கூப்பன் சமாச்சாரம், வானிலை சொல்வது ஒன்று, கம்ப்யூட்டரை வேகமாக்குகிறேன் என்பது ஒன்று. அந்தத் தேதியில் அண்ணன் லீவு. தங்கை பேத்திக்குக் காதுகுத்து என்று போனவர், மறுநாள் எனக்கு லட்டு கொண்டுவந்தார்.

அப்புறம்தான் எல்லாம் நினைவுக்கு வந்தது. ஒரு வக்கீல் அவசரப்படுத்தினார். இலவச கன்வர்ட்டர் தேடிப் போன பக்கத்தில் மூன்று டவுன்லோட் பட்டன்கள் இருந்தன. பெரிதாகப் பச்சையாக இருந்ததை அழுத்தினேன். பிறகு நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று போய்க்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் பொடி எழுத்தில், ஏற்கெனவே டிக் அடித்த ஒரு பெட்டி இருந்தது. நான் எதையும் படிக்கவில்லை, ஒரு டிக்கையும் எடுக்கவில்லை.

ஐந்தையும் ஒவ்வொன்றாக நீக்கினேன். டூல்பார் போகும்போது, 'வைத்துக்கொள்' என்பதைப் பெரிய பட்டனாகவும் 'நீக்கு' என்பதை மங்கலான எழுத்தாகவும் காட்டியது. அதன் பிறகும் பிரௌசரைத் திறந்தால் வேறு ஒரு பக்கம்தான் வந்தது. பிரௌசரோடு ஒட்டிக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன்களின் பட்டியலில் இரண்டு ஒளிந்திருந்தன, அவற்றை எடுத்தேன். ஹோம் பேஜை மாற்றினேன். டெஸ்க்டாப்பில் இருந்த பிரௌசர் ஐகானின் பிராப்பர்ட்டீஸில்கூட ஏதோ ஒரு முகவரியை ஒட்டி வைத்திருந்தார்கள், அதையும் அழித்தேன். கடைசியில் ஆட்வேர் என்கிற இந்த விளம்பரப் புரோகிராம்களைத் தேடிப் பிடிக்கும் ஸ்கேனர் ஒன்றை, அதைச் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி ஓட்டினேன். மிச்சம் மீதியும் போனது. மெயில் பாஸ்வேர்டையும் மாற்றினேன்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு கெடார் பஸ் ஏறினேன். அவர் வீட்டு வாசலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, "தப்பு என்னுதுதாண்ணே, மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் கையிலிருந்த மல்லாட்டையை உரித்து முறத்தில் போட்டார். பிறகு, "அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட சொன்னியா?" என்றார்.

அதை நான் யோசித்திருக்கவில்லை. விண்ணப்பத்தில் போட அந்த அம்மாள் தந்த நம்பர் என் செல்போனில் இருந்தது, அங்கிருந்தே போன் செய்தேன். அந்த அம்மாள் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"அவரா? நான் அவர நெனைக்கவே இல்லம்மா. கம்ப்யூட்டரு உன்னுது, நீதான் பார்க்கிறேன்னு நெனச்சிக்கினேன்."

அண்ணனிடம் அப்படியே சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர், "சரி, திங்கக்கெழம வர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

வந்தார். பழையபடி மனு அடித்தார். ஆனால் நான் பிரௌசரைத் திறந்தால் போதும், எழுந்து வெளியே போய் நின்றுகொள்வார். பின்னாளில் நான் கடையையே மூடும்வரை அந்தப் பழக்கம் மாறவில்லை.