காஸ் போகாத பிரிட்ஜ்

எங்கள் தெருவில் பிரிட்ஜுக்கு வருகிற வருத்தம் ஒன்றே ஒன்றுதான்: காஸ் போய்விடும். தண்ணீர் குளிராவிட்டால் காஸ் போயிற்று. சத்தம் போட்டால் காஸ் போகப்போகிறது. கதவு இறுகச் சாத்தாவிட்டாலும் காஸ்தான் காரணம். சமையல் அடுப்புக்குச் சிலிண்டர் மாற்றுவதுபோல இதற்கும் எங்கேயோ ஒரு சிலிண்டர் ஒளிந்திருக்கிறது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் அவர்களில் ஒருவர். துறைமுகத்தில் வேலை. அங்கே கப்பலிலிருந்து சாமான் இறக்குகிற இயந்திரங்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிற மனிதர், வீட்டில் பிரிட்ஜுக்கு முன்னால் வந்ததும் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, "காஸ் போயிட்டுதுபோல" என்பார். அதற்குமேல் அவரிடமிருந்து ஒன்றும் வராது.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அதனால் பிரிட்ஜ் பழுதென்றால் என்னிடம் யோசனை கேட்க வருவார்கள். திருத்துகிற பாஸ் ஒருவர் இருக்கிறார்தான். ஆனால் அவர் பாலத்துக்கு அந்தப்பக்கம், கிண்ணியாவில். எப்போது போன் எடுத்தாலும் "நாளைக்கு வாறன்" என்பார். அந்த நாளை எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது.

"முதல்ல பிளக்கைப் பாருங்கோ" என்று நான் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். படித்தவள் ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறாள் என்று வந்தவர்களுக்கு அது அவமானம். போய்ப் பார்த்தால் யாரோ போனுக்குச் சார்ஜ் போட அந்தப் பிளக்கைத்தான் கழற்றியிருப்பார்கள். பிறகு கதவு ரப்பர். கடற்காற்றுக்கு இந்த ஊரில் எந்த ரப்பரும் ஒழுங்காக இராது, வெடித்துப்போகும். ஒரு கடதாசியைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்க்கச் சொல்வேன். சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் குளிரும் அந்த வழியால்தான் போகிறது. உள்ளே தண்ணீர் தேங்கினால் பின்னாலுள்ள சின்ன ஓட்டை அடைத்திருக்கும். எங்கள் வீட்டிலேயே ஒருமுறை அப்படித் தேங்கியது. ஈர்க்கால் குத்தி எடுத்தபோது வந்தது மாவிலைத் துண்டு. விரதத்துக்குப் பிரிட்ஜைக் கழுவி, மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தது நான்தான். வீட்டுக்காரர் அதை இன்னும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

விரதம் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது பக்கத்து வீட்டு ராத்தாவும் அவருடைய பிரிட்ஜும்தான்.

கந்தசஷ்டிக்கு எங்கள் பிரிட்ஜில் மச்சம் இருக்காது. மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றையும் முதல்நாளே பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். அவர்கள் முஸ்லிம் ஆட்கள். ராத்தா கிண்ணியாவிலிருந்து கலியாணம் முடித்து வந்தவர். என்னைவிட மூத்தவர்; அவர்கள் அக்காவை அழைப்பதுபோல நானும் ராத்தா என்றே கூப்பிடுவேன். நோன்பு மாதத்தில் அவருடைய பிரிட்ஜில் இடம் போதாமல் வட்டிலாப்பத் தட்டுகள் எங்கள் வீட்டுக்கு வரும். ஐப்பசியில் எங்கள் மீன் அங்கே போகும். யாரும் பேசி வைத்த ஒழுங்கல்ல, பழகிப்போனது. ராத்தா ஒரு விஷயத்தில் மட்டும் மிகக் கண்டிப்பு. எங்களுக்கு விரதம் என்று தெரிந்தால் எங்கள் குசினிக்குள் கால் வைக்கமாட்டார். ஏதாவது தருவதென்றாலும் வாசல் படலையடியில் நின்று தந்துவிட்டுப் போவார்.

போன ஐப்பசியிலும் அப்படித்தான். வீட்டுக்காரர் மலிவாகக் கிடைத்ததென்று முழு அறுக்குளா மீன் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். விரதம் தொடங்குவதற்கு முதல்நாள் அறுக்குளா வாங்குகிற மனிதரை என்ன செய்வது. துண்டு போட்டு, பொதி கட்டி, ராத்தா வீட்டுக்கு அனுப்பினேன். பிரிட்ஜைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தேன், இம்முறை மாவிலை இல்லாமல்.

வீட்டுக்காரர் விரதம் பிடிக்கிறவர் அல்ல. எங்கள் வீட்டு மரக்கறிச் சாப்பாடு தொண்டைக்குள் இறங்காதபோது, "சும்மா கதைக்கப் போறன்" என்று பக்கத்து வீட்டுக்குப் போவார். திரும்பி வரும்போது வாயில் மீன் பொரியல் மணக்கும். விரதத்தின் நாலாம் நாள் அவர் அப்படிப் போய்விட்டு வந்து, சாவகாசமாகக் கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"அவையின்ர பிரிட்ஜுக்குக் காஸ் போயிட்டுது. பாஸ் நாளைக்கு வாறாராம்."

"எப்ப தொடக்கம்?"

"ரெண்டு மூண்டு நாளாம். ஊசி மருந்தைக்கூட மண்சட்டிக்குள்ள ஈரச்சீலை சுத்தித்தான் வச்சிருக்கினம்."

எனக்குத் தலைக்குமேல் கோபம் ஏறியது. ராத்தாவின் மனிசனுக்குக் கடுமையான சீனி வருத்தம். ஒவ்வொரு நாளும் இன்சுலின் போட வேண்டும். அதற்கு முந்தின வருடம்தான் அவருடைய இடது காலில் புண் வந்து ஒரு விரலை எடுத்தார்கள். இனிச் சீனி கூடினால் விரலோடு நிற்காது என்று ஆசுபத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த மனிதருடைய மருந்து மண்சட்டியில் இருக்கிறது. ஒரு சுவருக்கு இப்பால் என்னுடைய பிரிட்ஜ் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன காலோடு கேட்டேன்: "ராத்தா, இது என்ன கதை? மருந்தை எங்கட வீட்டில கொண்டுவந்து வச்சிருக்கலாம்தானே?"

"நீங்க விரதம் இரிக்கிற நேரம் புள்ள. இந்தக் குசினியில நான் இறைச்சி ஆக்கிட்டு, அதே கையோட எப்பிடி வாற?"

"மருந்தில மச்சம் மரக்கறி இருக்கோ?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய மனிசன் முன்விறாந்தையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். இந்த மருந்து பழுதாகியிருக்கும் என்று நினைத்து அன்று காலை அவர் ஊசியே போடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. புது மருந்து வாங்கப் பொடியனை அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். அது வந்தாலும் வைக்க இடம் அந்த மண்சட்டிதான்.

நேரே பிரிட்ஜடிக்குப் போனேன். பிளக் சரி. உள்ளே லைட் எரிந்தது. கீழ்த்தட்டில் கையை வைத்தேன்; வெளியே இருந்த வெக்கைதான் உள்ளேயும். தக்காளி வாடியிருந்தது. பிறகு மேல்கதவைத் திறந்தேன். குளிர் முகத்தில் அடித்தது. இறைச்சிப் பொதிகள் கல்லாக இறுகிக் கிடந்தன.

"ராத்தா, காஸ் போனால் மேல இப்பிடி உறையாது. காஸ் கிடக்கு. குளிரும் கிடக்கு. கீழ இறங்கத்தான் வழியில்லை."

இந்தமாதிரிப் பிரிட்ஜ்களில் குளிர் மேலேதான் பிறக்கும். மேல்தட்டின் பின்சுவரில் சின்னக் கீறல்கள் இருக்கும். அவற்றினூடே காற்று போய்த்தான் கீழே குளிரும். அந்தக் கீறல்களைத் தேடினேன், காணவில்லை. முன்னால் அவர்களுடைய மாட்டிறைச்சி. அதற்குப் பின்னால், உள்ளே, குறுக்காக ஒரு தடித்த மட்டை நின்றது. சப்பாத்துப் பெட்டியை வெட்டி, பொலித்தீன் சுற்றி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அளவெடுத்து இறுக்கி வைத்திருந்தார்கள். மட்டைக்குப் பின்னால் எங்கள் அறுக்குளா. ஒரு துண்டு கூடச் சரியாமல், பின்சுவரோடு ஒட்டி, அடுக்கு அடுக்காக. கீறல் ஒன்றுகூட மிச்சமில்லாமல் அடைத்திருந்தது.

"இது என்னத்துக்கு, இந்த மட்டை?"

ராத்தா முந்தானையால் கையைத் துடைத்தார்.

"உங்கட மீன் எங்கட இறைச்சியில பட்டுரும் எண்டு. இந்த முறை மீன் கூட. வெறும் பேக்கில வச்சா உரசும். நீங்க மாடு தின்னாத ஆக்கள். சூரன்போர் முடிஞ்சி மறுகா அந்த மீனத்தானே ஆக்குவீங்க."

எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"உங்கட மனிசன்ர காலைவிட எங்கட மீன் பெரிசோ?"

"இல்ல புள்ள. ஆனா மனிசன் என்னோட கோவிச்சிக்கிட்டாலும் வீட்டுலதான் இரிப்பார். நீங்க நம்பித் தந்த சாமான். அதுல ஒரு பிழை வந்தா நான் உங்கட மூஞ்சியில எப்பிடி முழிக்கிற?"

கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். உறைந்து ஒட்டியிருந்தது. மூன்றாவது இழுவைக்குக் கிழிந்துகொண்டு வந்தது. அறுக்குளாவைப் பின்சுவரிலிருந்து எடுத்து முன்னுக்கு வைத்தேன். இடம் இல்லாததால் இரண்டு பொதிகள் இறைச்சிக்கு மேலேயே இருந்தன.

"படுதே, புள்ள" என்றார் ராத்தா.

"படட்டும். கழுவித்தானே சமைக்கிறது."

மேல்கதவைச் சாத்திவிட்டு அதில் காதை வைத்தேன். உள்ளே காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்டது. கீழ்த்தட்டு குளிர்ந்து வரப் பின்னேரமாகும் என்று சொன்னேன். வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. புது மருந்து வந்துவிட்டது. ராத்தாவின் மனிசன் ஊசியைப் போட்டார். அடுத்தநாள் கிளினிக்கில் சீனி கூடியிருந்ததாகவும், நல்ல பேச்சு வாங்கியதாகவும், கால் சுகமாக இருப்பதாகவும் பிறகு சொன்னார்கள்.

புது மருந்தில் மிச்சத்தைப் பின்னேரம்வரை எங்கள் வீட்டில் வைப்பதென்று முடிவாயிற்று. ராத்தா அதை ஒரு சுத்தமான துணியில் சுற்றிக்கொண்டு என்னோடு வந்தார். படலையடியில் நின்று துணிப்பொட்டலத்தை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"எனக்கு எந்தத் தட்டில வைக்கிறதெண்டு தெரியாது. நீங்களே வந்து வையுங்கோ."

"குளிச்சிட்டு வரட்டா?"

"மருந்து வெக்கையில நிக்குது, ராத்தா."

செருப்பைக் கழற்றினார். எங்கள் விரதக் குசினிக்குள் அவர் வந்தது அதுதான் முதல்முறை. சேலையைக் கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, எதிலும் முட்டாமல், ஒவ்வோர் அடியாக வைத்து வந்தார். நான் பிரிட்ஜைத் திறந்தேன். உள்ளே ஒரு சட்டி தயிர், கொஞ்சம் வெண்டிக்காய், சாமிக்கு வைத்த பூ. மற்றத் தட்டெல்லாம் வெறுமையாக, மஞ்சள் மணத்தோடு இருந்தன.

ராத்தா மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பொட்டலத்தை வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு எடம் இரிக்கி" என்றார்.

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் நடுத்தட்டைக் காட்டினேன். அவர் குனிந்து மருந்தை அங்கே வைத்தார்.