வளைவில் பதினொரு விளக்குகள்

அவரை எல்லாரும் ‘முன்வண்டி’ என்றுதான் கூப்பிட்டார்கள். மஞ்சள் ஜீப்பில், ‘என் பின்னால் வா’ என்ற பலகையோடு, விமானங்களுக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு போவது அவர் வேலை, பத்தொன்பது வருடமாக. வெயில் நாளில் யாரும் அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மூடுபனி இறங்கினால் மட்டும் மாப்பிள்ளை மரியாதை.

வானத்தில் கருவிகளைப் பார்த்தே வந்துவிடுகிற விமானி, தரையைத் தொட்டதும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிடுவார். விமானிகள் இருவரில் ஒருவர் மடியில் வரைபடத்தை வைத்துத் திருப்பங்களைச் சொல்ல, மற்றவர் கண்ணாடியை விட்டுக் கண் எடுக்காமல், பாதை நடுவே பதித்த பச்சை விளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடித்து நடைவேகத்தில் உருட்டுவார். குறுக்கே சிவப்பு வரிசை எரிந்தால் நிற்க வேண்டும். இடம் சந்தேகமானால் நின்று, கட்டுப்பாட்டு டவருக்குச் சொல்ல வேண்டும். சட்டம் அவ்வளவுதான். வெட்கத்தை விழுங்கிவிட்டு அதைச் சொல்வதுதான் பாடு.

அன்று காலை ஏழு மணிக்குப் பனி ஜீப்பின் மூக்கையே தின்றிருந்தது. பின்னால் நூற்றெழுபது பேரோடு ஒரு விமானம். வலது வளைவில் பச்சையைக் காணோம். பதினொரு விளக்குகள் வரிசையாகச் செத்துக் கிடந்தன. மூன்று வாரத்துக்கு முன்பே அவர் புகார்ப் புத்தகத்தில் எழுதியவைதான். பனி வருவதற்குள் மாற்றிவிட்டிருப்பார்கள் என்று நம்பியதுதான் அவர் பிழை. தேடிய கண்ணுக்கு இடப்பக்கம் ஒரு பச்சை மினுங்கியது. பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச தூரத்தில் ஒரு மஞ்சள். அடுத்து பச்சை. மறுபடி மஞ்சள். இரண்டும் மாறிமாறி வந்தால் ஓடுபாதை நெருங்கிவிட்டது என்று பொருள். இறங்கிய விமானங்கள் வெளியேறும் வழி இது. உள்ளே போகிறவரைத் தடுக்கச் சிவப்பு வரிசைகூட இங்கே கிடையாது.

பிரேக்கை மிதித்தார். பலகையில் ‘நில்’ எரிந்தது. பின்னால் விமானம் நின்றது.

“டவர், முன்வண்டி பேசறேன். நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியல. ஓடுபாதைக்குப் பக்கத்துல இருக்கேன். யாரையும் இறக்காதீங்க!”

நான்கு மூச்சு விடுவதற்குள், இறங்க வந்த விமானம் ஒன்று தலைக்கு மேலே உறுமிக்கொண்டு மறுபடி ஏறியது. ஜீப் கதவு அதிர்ந்தது.

மதியம் ஓய்வறையில் சிரிப்பு. “வழிகாட்டிக்கே வழி தெரியலையாமே! கையில ஒரு கோல் குடுத்து அனுப்பலாமா?” கடவுள்தான் காப்பாற்றினார் என்றார் ஒருவர். அப்படியானால் பதினொரு விளக்கையும் அணைத்து வைத்தவர் யார் என்று கேட்க முன்வண்டிக்கு நாக்கு துடித்தது. காப்பாற்றியது ஒரு மஞ்சள் விளக்கும் ஒரு பிரேக்கும்.

பகுதி மேலாளர் தட்டச்சு செய்த தாளை நீட்டினார். ‘ஓட்டுநரின் கவனக்குறைவு. விளக்குகள் அனைத்தும் எரிந்தன.’

“கையெழுத்துப் போடுங்க. பத்து நாள் வீட்ல இருந்துட்டு வாங்க. இல்லன்னா அடுத்த மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டாங்க.”

“விளக்கு எரியலையே சார். புகார்ப் புத்தகத்துல எழுதியிருக்கேனே.”

“எரிஞ்சதுன்னு காலைப் பதிவேட்டுல இருக்கே. யார் கையெழுத்துன்னு பாத்தீங்களா?”

பார்த்தார். மனைவியின் தம்பி. அவர்தான் சிபாரிசு செய்து விளக்குப் பிரிவில் சேர்த்துவிட்ட மைத்துனன்.

சாயங்காலம் அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான். அக்கா முகத்தைப் பார்க்கவில்லை.

“பனி இருந்தா சோதனை வண்டிய உள்ள விட மாட்டாங்க அத்தான். நேத்து எழுதினதையே பாத்து எழுதுன்னு மேலாளர்தான் சொன்னார். எல்லாரும் அப்படித்தான் எழுதறோம்.”

“நேத்து எரிஞ்சுதா?”

“நேத்தும் முந்தின நாள் எழுதினதைத்தான் எழுதினேன்.”

“அடப்பாவி! பனியில தேவைப்படற விளக்கை, பனின்னு சொல்லிச் சோதிக்காம விட்டீங்களா?”

“உண்மைய எழுதினா முதல்ல என் தலைதான் உருளும், அத்தான்.”

அக்கா அடுப்பை அணைத்தாள். “உன் தலை ஒண்ணுடா. அந்த விமானத்துல எத்தன தலை?”

உருள்வது எப்போதும் கீழே இருக்கும் தலை என்பது மூவருக்கும் தெரியும். பார்த்து எழுதச் சொன்னவரின் கையெழுத்து எந்தத் தாளிலும் இல்லை. இந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டால், அடுத்த பனியில் அந்த வளைவு அப்படியேதான் இருக்கும்.

முன்வண்டி இரவெல்லாம் புரண்டார். காலையில் வெள்ளைத்தாளில் எழுதினார்: ‘நான் வழி தவறியது உண்மை. வளைவில் பதினொரு விளக்குகள் எரியாததும் உண்மை. என் மைத்துனன் பார்க்காமல் எழுதினான். எழுதச் சொன்னவர் பகுதி மேலாளர்.’ ‘மைத்துனன்’ என்று எழுதும்போது பேனா இரண்டு முறை நின்றது. தாளை அவனிடமே காட்டினார். படித்துவிட்டு, பேனாவை வாங்கி அடியில் அவனும் கையெழுத்திட்டான்.

தாள் மேலாளரைத் தாண்டி மேலிடத்துக்குப் போனது. விளக்குகள் மூன்றே நாளில் மாற்றப்பட்டன. ஒரு மாதத்தில் இருவருக்கும் வேலை போனது. மேலாளர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். ‘விசாரணை நடக்கிறது’ என்கிறார்கள்.

இப்போதும் பனிக்காலையில் முன்வண்டி ஐந்து மணிக்கே விழித்து ஜன்னலோரம் நிற்கிறார். ஒரு விமானம் உறுமினால், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று காது கொடுக்கிறார்.

“வந்து உட்காருங்க,” என்கிறாள் மனைவி. “நீங்க ரெண்டு பேரும் வீட்ல இருக்கீங்க. அதுங்களாவது நேரா போகட்டும்.”