எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே சாவி

கோயம்புத்தூரில் ஒருவரோடு சண்டை போடுவது லேசில்லை. வாயைத் திறந்தாலே 'ங்க' வந்து கோபத்தின் பல்லைப் பிடுங்கிவிடும். என் முதலாளி அதிலேயே பிழைப்பை ஓட்டியவர்.

சரவணம்பட்டியில் சின்னக் கம்பெனி. தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தே போடவும் நிறுத்தவும் ரிமோட் பெட்டி செய்தோம். அதற்குள் ஓடும் புரோகிராம் என் வேலை. உள்ளே இருப்பது மலிவான சிப். வங்கிகள் போடும் பெரிய பூட்டு அதில் ஏறாது. அதற்கென்றே இருக்கும் எடை குறைந்த குறியாக்க முறையை எழுதிப் பொருத்தினேன். ஒவ்வொரு ரிமோட்டுக்கும் தனிச் சாவி எண். தன் ரிமோட் சொன்னால்தான் பெட்டி கேட்கும்.

டீலர்கள் முனகினார்கள். ரிமோட் தொலைந்தால் கடையில் இருக்கிற ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுக்க முடியவில்லையாம்.

"தண்ணி மோட்டாருக்கு என்ன கண்ணு ரகசியம்?" என்று முதலாளி சிரித்தார். நான் சோதனைக்கு வைத்திருந்த ஒரே எண்ணை எல்லாப் பெட்டியிலும் ஏற்றச் சொல்லிவிட்டார். கூடாதென்று கத்தினேன். "டென்சனாவாத அம்மணி" என்று டீ வாங்கித் தந்தார். அந்த டீயை அவர் தலையில் ஊற்றியிருக்க வேண்டும்.

சூலூர்ப் பக்கம் ஒரு விவசாயி, எங்கள் ரிமோட்டில் மோட்டாரை நிறுத்திவிட்டு, போர்வெல் கம்ப்ரசரின் பெல்டை மாற்றிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அன்றுதான் எங்கள் பெட்டியை வாங்கி மாட்டி, ரிமோட்டை அமுக்கிப் பார்த்தார். இரண்டு தோட்டத்து மோட்டாரும் ஓடின. பெல்ட் இவருடைய வலது கை விரல்களைக் கொண்டுபோனது.

ஆப்பிள் பையோடு முதலாளி அவரை வீட்டில் பார்க்கப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு.

"பீஸ் கட்டையப் புடுங்கீட்டுக் கைய வெச்சிருக்கோணுமுங்க" என்றார், அவ்வளவு மரியாதையாக.

"என் தப்புத்தானுங்க" என்றார் கையில் கட்டோடு அந்த மனிதர்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார், அடிபட்டவரும் அதைத் தலையாட்டிச் சாப்பிடுகிறார்.

"உங்க தப்பு இல்லீங்க" என்றேன். "எல்லா ரிமோட்டுக்கும் ஒரே சாவி போட்டிருக்குதுங்க. தனித்தனியா நான் செஞ்சு வெச்சிருந்தேன், இவருதான் வேண்டாம்னுட்டாருங்க."

முதலாளி இருமினார். விவசாயி அவரைப் பார்க்கவேயில்லை.

"பக்கத்துத் தோட்டத்து ரிமோட்ல எம்மோட்டாரு இன்னமும் ஓடுமுங்களா?"

"ஓடுமுங்க."

"வித்ததெல்லாமே இப்படித்தானுங்களா?"

"ஆமாங்க."

பையை முதலாளியின் மடியில் திருப்பி வைத்தார். இடது கையால் தடுமாறிப் போனை எடுத்து, எங்கள் எதிரிலேயே பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க மாப்ள, அந்தப் பெட்டியக் கழட்டிப்போடுங்க. வாங்குனவங்க அத்தன பேருக்கும் சொல்லிப்போட்டு, எல்லாரையும் கூட்டிக்கிட்டு இங்க வாங்க. கம்பெனிக்காரரு எங்க ஊட்லதான் உக்காந்திருக்காருங்க."