காப்புக் கட்டிய பிறகு

அவர்களை நான் வீட்டில் வைத்துக்கொண்டது இரக்கத்தால் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். பொய். வீம்பால்தான் வைத்துக்கொண்டேன். இரக்கமும் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது இரண்டு நாளில் தீர்ந்துபோயிருக்கும். என் வீம்பு அவ்வளவு சீக்கிரம் தீராது என்பது என்னைப் பெற்றவளுக்கும் தெரியும், கட்டியவருக்கும் தெரியும்.

ரங்கூனில் குண்டு விழுந்ததற்கு அடுத்த கோடை அது. எங்கள் ஊர் கொல்லிமலைக்கு அடியில், பேளுக்குறிச்சிச் சந்தைக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. வைகாசி மாதம், வெயில் ஏறின நேரத்தில், ஒரு பெண்ணும் ஆறு வயதுப் பெண் குழந்தையும் ஊருக்குள் வந்தார்கள். அவள் தோளில் ஒரு துணி மூட்டை. குழந்தையின் இரண்டு காலிலும் சாக்குத் துணி சுற்றியிருந்தது. பெயர் சொல்லி விசாரித்துக்கொண்டு நேராகப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வீட்டுக்குப் போனார்கள்.

அவருடைய அண்ணன் சின்ன வயதிலேயே ரங்கூனுக்குப் போனவர். இவள் அந்த அண்ணனின் மனைவி. ஜப்பான்காரனுக்குப் பயந்து ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்தே புறப்பட்டு, மலை மலையாக ஏறி இறங்கி வந்தார்களாம். வழியில் அவள் புருஷனுக்கு வாந்திபேதி கண்டது. ஒரு மலைச் சரிவில் இலை தழையைப் போட்டு மூடிவிட்டு, குழந்தையை இழுத்துக்கொண்டு நடந்தாளாம். தம்பி வீட்டுக்குப் போ என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது.

தம்பி அவளை வாசலிலேயே நிறுத்தினார். "எங்கண்ணன் கலியாணம் பண்ணுனதே எனக்குத் தெரியாது. நீ யாரோ எவரோ. உன்ற சாதி என்ன?" என்று கேட்டார். அவள் அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி. அதை மறைக்கத் தெரியாமல் அப்படியே சொல்லிவிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டார்.

ஊர் முழுக்க இரண்டே பேச்சு. ஒன்று சாதி, இன்னொன்று நோய். மூன்றாவதாக ஒன்று இருந்தது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அண்ணன் பங்கு நிலத்தையும் சேர்த்துத்தான் தம்பி இத்தனை வருஷமாக உழுதுகொண்டிருந்தார். அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் காது மடல் வெளியே விரிந்திருக்கும். குழந்தைக்கும் அதே காது. ஊரில் ஒருவர் கண்ணுக்கும் அது தெரியாமல் போனதுதான் எனக்கு முதல் கோபம்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், நம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று. அவர் நல்ல மனிதர். ஆனால் எதைச் சொன்னாலும் "யோசிக்கலாம்" என்பார். ஒரு காளை வாங்க யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் அதை வேறொருவன் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். கூரை மாற்ற யோசித்தார். ஐப்பசி மழை வந்து அவருக்காகக் காத்திராமல் உள்ளே இறங்கியது. இப்போதும் அதையே சொன்னார். ஆனால் இந்த முறை அவருக்கு இரண்டு காரணங்கள் இருந்தன.

முதலாவது கிணறு. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் எங்களுக்கும் ஒரே கிணறு. ஒரு நாள் அவர்கள் மாடு பூட்டி இறைப்பார்கள், மறுநாள் நாங்கள். மாடு இழுத்து இறைக்கிற வடக்கயிறு அவருடையது. மிளகாய் பூவெடுத்திருந்த சமயம், அவரைப் பகைத்துக்கொண்டால் தண்ணீர் கிடையாது.

இரண்டாவது எங்கள் பிள்ளைகள். எங்களுக்கு மூத்தது ஒரு பையன். முந்தின கோடையில் வாந்திபேதி கண்டு ஒரே பகலில் போய்விட்டான். மிச்சம் இருந்தது நாலு வயதுப் பெண் ஒன்று.

"ஒண்ணைக் குடுத்தது போதாதா புள்ள?" என்றார்.

அதனால் ஒரு அரைகுறை வேலை செய்தேன். ஊர் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் எங்கள் மானாவாரிக் காடு இருக்கிறது. அங்கே காவலுக்குப் போட்ட சாளைக் குடிசையில் அவர்களைத் தங்கச் சொன்னேன். தினமும் மதியம் கம்பங்கூழ் கொண்டு போய், பத்தடி தள்ளி வைத்துவிட்டு, அவர்கள் எடுப்பதற்குள் திரும்பிவிடுவேன். நாய்க்குக்கூட அப்படி வைத்ததில்லை. வீட்டுக்கு வந்து காலை மூன்று தரம் கழுவுவேன்.

நாலாவது நாள் குழந்தை சாளைக்கு வெளியே உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் சட்டியை வைத்துவிட்டுத் திரும்பும்போது கேட்டது:

"அத்தை, அந்த மலையையும் ஏறித் தாண்டணுமா?"

நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை அது. அங்கிருந்து பலாப்பழம் வரும், மலைவாழை வரும், மழை வரும். அந்தக் குழந்தைக்கு மலை என்றால் அப்பாவை விட்டுவிட்டு வந்த இடம். பத்தடியையும் தாண்டிப் போய் அதன் தலையைத் தொட்டேன். "இல்ல கண்ணு. அது சும்மா நிக்கற மலை. நீ ஒண்ணும் ஏற வேண்டாம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து, "நான் அவங்களைக் கூட்டிட்டு வாரேனுங்க" என்றேன்.

"கொஞ்சம் யோசிக்கலாம்..."

"நீங்க யோசிங்க. நான் கூட்டிட்டு வாரேன்."

ஆனால் அதற்குள் ஊர் முந்திக்கொண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கவுண்டர் கூட்டம் போட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான் பேசினாராம். ரங்கூன்காரர்கள் நோயைக் கொண்டு வருகிறார்கள், மாரியம்மனுக்கு உடனே கம்பம் நட்டு ஊரைக் கட்டிவிட வேண்டும் என்று. வழக்கமாகப் பூப்போட்டு நோன்பை அறிவிக்கிற பூச்சாட்டு முடிந்து எட்டு நாள் கழித்துத்தான் கோயில் முன்னால் கம்பம் நடுவார்கள். அந்த வருஷம் பூச்சாட்டும் கம்பமும் வருகிற செவ்வாய்க்கிழமையே என்று முடிவாயிற்று.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதன் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று கிளை விட்ட பால்மரத்துக் கொம்பை நட்டுக் காப்புக் கட்டிவிட்டால், பதினைந்தாம் நாள் அதைப் பிடுங்கிக் கிணற்றில் விடுகிறவரைக்கும் ஊர் கட்டுக்குள் இருக்கும். வெளியாள் உள்ளே வந்து தங்கக்கூடாது. அதே மாதிரி, கம்பம் நடும்போது ஊருக்குள் இருந்தவர் யாரும் வெளியே போய் ராத்தங்கக்கூடாது. முந்தின வருஷம் பாத்திரத்துக்கு ஈயம் பூச வந்த சேலத்துக்காரன் ஒருவன் இப்படி மாட்டிக்கொண்டான். பெண்டாட்டிக்கு நிறைமாதம் என்று அழுதான். ஊர்க்கவுண்டர் விடவில்லை. பதினைந்து நாளும் ஊரே முறைவைத்து அவனுக்குச் சோறு போட்டது. ஊரில் ஈயம் பூசாத பாத்திரம் ஒன்றுகூட மிச்சமில்லை.

ஊர்க்காரர்களுக்கு அந்த வழக்கத்தின் முதல் பாதிதான் ஞாபகம் இருந்தது. எனக்கு இரண்டாம் பாதி ஞாபகம் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே தமுக்கு அடித்தார்கள். சந்தைப் பாதையில், எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில், தடியோடு நாலு ஆட்கள் காவல். வேலிக்கு நடுவே ஆடு ஓட்டிப்போகிற இட்டேரி ஒன்று எங்கள் காட்டிலிருந்து நேராக எங்கள் வீட்டுப் புறக்கடைக்கு வருகிறது. அங்கே ஒருவனையும் நிறுத்தவில்லை. ஆண்பிள்ளைகள் பாதையைக் காப்பார்கள். இட்டேரியில் நடப்பது பெண்களும் ஆடுகளும்தானே. நான் அந்த வழியாகச் சாளைக்குப் போனேன்.

"வேணாம் அக்கா. உங்களுக்குப் பொல்லாப்பு" என்றாள் அவள்.

"பொல்லாப்பு எனக்குப் பழக்கம். கெளம்பு" என்றேன்.

வீட்டில் வெந்நீர் வைத்து இருவரையும் குளிக்கச் சொன்னேன். என் புடவை ஒன்றைக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாயக் கம்பம் நட்டார்கள். பூசாரி காப்புக் கட்டினார். குலவை முடிந்ததும் பெண்கள் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு வரிசையாகப் போய்க் கம்பத்துக்கு ஊற்றினோம். தாலி அறுத்தவளை ஊற்ற விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். குழந்தையை யார் தடுப்பார்கள்? ஒரு சின்னச் சொம்பை அதன் கையில் கொடுத்து முன்னால் தள்ளினேன். அது எட்டி நின்று சிந்தாமல் ஊற்றியது.

அப்போதுதான் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பார்த்தார். அவர் போட்ட சத்தத்தில் மேளம் நின்றது. ஊர்க்கவுண்டர் என் முன்னால் வந்தார்.

"அம்மிணி, இதென்ன வேலை? இன்னைக்கே அவங்களை வெளிய அனுப்பீரு."

"எப்படிங்க அனுப்பறது? காப்புக் கட்டியாச்சு. கம்பத்துக்குத் தண்ணியும் ஊத்தியாச்சு. போன வருஷம் ஈயம் பூசறவன் அத்தனை அழுதானே, அவனை உட்டீங்களா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஊர்க்கவுண்டர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு, "காப்பு காப்புதானுங்க" என்றார்.

"அவ எல்லைக்கு வெளியதானுங்க இருந்தா!" என்று கத்தினார் பக்கத்துத் தோட்டத்துக்காரர்.

"இருந்தாப்பா. இப்ப உள்ள நிக்கறாளே" என்றார் ஊர்க்கவுண்டர். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவசரப்பட்டு நாள் குறித்ததே அவர்தான், யாரை நொந்துகொள்வார்?

மறுநாளே வடக்கயிறு காணாமல் போயிற்று. பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதைச் சுருட்டி வீட்டுக்குள் வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் யாரும் நெருப்புக்கூட வாங்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பேசட்டும் என்று விட்டுவிட்டேன். விடியற்காலையில் நானும் அவளும் குடம் குடமாகக் கிணற்றிலிருந்து சேந்தி மிளகாய்ச் செடிக்கு ஊற்றினோம். பாதிச் செடி பிழைத்தது. பாதி கருகியது. கருகிய வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மேல்தான் ஆத்திரம் வந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசை. சில நாள் அவள் மேலும் வந்தது.

பத்தாம் நாள் மதியம் என் மகளுக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு தரம் வாந்தியும் எடுத்தாள். நான் என்ன பேசினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. கொண்டுவந்துவிட்டாயே, என் பையனைத் தின்ற நோயைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டாயே என்று அவள் முகத்துக்கு நேராகக் கத்தினேன். அவள் அடுப்பை மூட்டித் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டு ஆற்றி, என் மகளை மடியில் போட்டுக்கொண்டு, கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொழுது இறங்குவதற்குள் என் மகள் எழுந்து உட்கார்ந்து, பலாச்சுளை இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். அப்போதுதான் தெரிந்தது, பின்கட்டில் இருந்த பழத்தில் பாதியை என் மகள் யாருக்கும் தெரியாமல் தின்று தீர்த்திருந்தாள்.

நான் அந்த ரங்கூன்காரியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்படியெல்லாம் கேட்டுப் பழக்கமில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம்.

பதினைந்தாம் நாள் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்டார்கள். கட்டு விட்டுப்போயிற்று. வீட்டுக்கு வந்து பார்த்தால் அவள் மூட்டையைக் கட்டி வைத்திருந்தாள். குழந்தையின் காலில் மறுபடியும் சாக்குத் துணி. அதை அவிழ்க்கச் சொல்லி நான் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே, வாசலில் ஊர்க்கவுண்டரும் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் வந்து நின்றார்கள். என் வீட்டுக்காரர் அப்போது வீட்டில் இல்லை. எங்கே போனார் என்றும் எனக்குத் தெரியாது.

"இனிச் சட்டம் பேச முடியாது அம்மிணி" என்றார் ஊர்க்கவுண்டர்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் தெருவில் வந்துகொண்டிருந்தார். சந்தையிலிருந்து வருகிறார். தோளில் புத்தம்புது வடக்கயிறு. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மனிதர் என்னிடம் சொல்லாமல், யோசிக்காமல் ஒரு பொருள் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். வந்தவர்களைக் கும்பிட்டுவிட்டு, கயிற்றை இறக்கி அந்த மூட்டைக்கு மேலேயே போட்டார். மூட்டை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது.

"ஏனப்பா, இவங்களை எப்ப அனுப்பற?" என்றார் ஊர்க்கவுண்டர்.

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார்.

"யோசிக்கலாமுங்க" என்றார்.

இப்போது நாலு வருஷம் ஆகிறது. இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்.