தம்பியின் ஒன்றரை லட்சம்

நிர்மலாதேவிக்குப் புதுச்சேரி முதலியார்பேட்டையில் தையல் தொழில். வீட்டு முன்னறையிலேயே மெஷின் போட்டிருந்தாள். அவளுடைய ஒரே தம்பி வினோத்குமார், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்து, பாரீசுக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டல் சமையற்கட்டில் வேலை பார்த்தான். அவன் வாங்கும் யூரோவை ரூபாயாக்கி, "மாசம் ஒன்ற லட்சம்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தவள் அவள்தான். ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிற பெண்களுக்குக்கூட அது மனப்பாடம்.

மகள் துர்காவின் மஞ்சள் நீராட்டுக்கு வினோத்குமார் தாய்மாமன் சீர் கொண்டுவந்தான். தட்டில் இருந்தது அரை சவரன் மோதிரம். நிர்மலாதேவிக்கு முகம் செத்துவிட்டது. பாட்டு நின்றிருந்த நேரம் என்பதால் அவள் பேசியது மண்டபத்தின் கடைசி வரிசை வரை கேட்டது.

"ஆட்டோ ஓட்டுற மாமன்கூட ரெண்டு சவரன் போடுறான். யூரோவுல சம்பாதிக்கிறவன் இதோட வந்து நிக்கிற."

அவன் தலை குனிந்தான். போட்டோவுக்கு நின்றான், பந்தியில் உட்கார்ந்தான், லீவு முடிந்ததும் விமானம் ஏறிவிட்டான்.

மறுவருஷம் அவன் மனைவி கார்குழலிக்கு இரண்டாவது பிரசவம். கார்குழலிக்குத் தாய் இல்லை. வினோத்குமாரே டிக்கெட் எடுத்து அக்காவை அழைத்துக்கொண்டான்.

நிர்மலாதேவி மனத்தில் கட்டி வைத்திருந்த வீடு வேறு. அங்கே இருந்தது ஒரு படுக்கையறை, ஒரு கூடம். சோபாவை அவளுக்குக் கொடுத்துவிட்டு அவன் சமையலறைத் தரையில் படுத்தான். அந்தக் குளிரிலும் குழந்தை இருக்கும் அறைக்கு மட்டும்தான் ஹீட்டர். தமிழ்க் கடையில் முருங்கைக்காயின் விலையை ரூபாயாக்கிப் பார்த்து அவள் திரும்ப வைக்க, கார்குழலி, "பரவால்ல அண்ணி" என்று எடுத்துக் கூடையில் போட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறைக் கண்ணாடி முன் நின்று வினோத்குமார் தானே முடி வெட்டிக்கொண்டிருந்தான். பின்கழுத்தை மட்டும் நேராக்கச் சொல்லி டிரிம்மரை அக்காவிடம் நீட்டினான். கடைக்குப் போனால் என்ன என்று கேட்டாள்.

"இருபத்தஞ்சு யூரோக்கா."

"ரெண்டாயிரத்து ஐநூறா?"

"ரூபாயில பாக்காதக்கா. இங்க சம்பாதிச்சு இங்கயே செலவு பண்றோம். வாடகைக்கே பாதிக்கு மேல போயிடுது. அங்க நீ சொந்த வீட்ல இருக்க."

அவள் கை அப்படியே நின்றது. மண்டபத்தில் எல்லார் முன்னாலும் அவன் தலை குனிந்து நின்றது கண்ணுக்குள் வந்தது. அவனே அந்தப் பேச்சை எடுத்தான்.

"அன்னைக்கு நீ பேசுனதுல தப்பில்ல. ஊருக்கு வர்றப்பல்லாம் கார் எடுத்துகிட்டு, சென்ட்டு பாட்டிலு குடுத்துகிட்டு, நான்தான் பெரிய ஆளு மாதிரி திரிஞ்சேன். இல்லன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அது அவளை இன்னும் குறுக வைத்தது. குனிந்து அவன் பின்கழுத்தைச் சரிசெய்து முடித்தாள். மன்னிப்பு என்ற வார்த்தையைக் கடைசிவரை அவளால் சொல்ல முடியவில்லை.

ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டுச் சின்னப்பாப்பா வந்தாள். தன் மகனையும் எப்படியாவது அங்கே சேர்த்துவிட வேண்டும் என்றாள். நிர்மலாதேவி வாடகை, குளிர், தரைப்படுக்கை, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். சின்னப்பாப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தாள்.

"எம்புள்ள முன்னேறிடக் கூடாதுன்னு பாக்குறியாக்கா? ஒன்ற லட்சம்னு நீதான சொன்ன."

நிர்மலாதேவி அவள்மேல் கோபப்படவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கோபப்படுவாள்?